அந்தோணிராஜ் சாப்பிடாத சோறு

ரோசலினுக்கு வாய் கொஞ்சம் நீளம். ரோஷம் அதைவிட நீளம். கணவன் பெர்னார்ட் பினாங்குத் துறைமுகக் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. அவள் அண்ணன் அந்தோணிராஜுக்கும் அங்கேதான் வேலை. தங்கை பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தந்தையாகத் தன்னைக் கேட்கவில்லையென்று கோபித்துக்கொண்டு, இரண்டு வருஷமாக அவன் அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை. தெரு முழுக்க அதுதான் பேச்சு.

1931-இல் ஒருநாள் இரவோடு இரவாகக் கிடங்கில் நாற்பது ரப்பர் கட்டுகள் காணாமல் போயின. மறுநாள் டிடெக்டிவ் ரோசலின் வீட்டு வாசலில் வந்து நின்று, நேற்று சாயங்காலம் யார் யார் வந்தார்கள் என்று கேட்டார். வந்தது வண்டிக்காரர் சின்னையா மட்டும்தான். ஆனால் பக்கத்து வீட்டு ஐரீன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாளே!

“சின்னையாண்ணே வந்தாரு. எங்க அண்ணனும் வந்தாருலா. வராம இருப்பாரா? எங்க வீட்டுக்காரரோட ஒண்ணா உக்காந்துதான் சாப்பிட்டாங்க” என்றாள், ஐரீனுக்குக் கேட்கும்படி.

பாவி! அந்தச் சோறு சதி ஆகிவிட்டது. மூன்று பேரும் கூடித் திட்டம் போட்டார்கள் என்று வழக்கு. கோர்ட்டில் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். அண்ணனைக் காப்பாற்ற மாற்றிப் பேசுகிறாள் என்றார் நீதிபதி. ஆளுக்கு மூன்று வருஷம்.

அப்பீல் போட்டார்கள். அண்ணன் வெளியே வந்ததும் காலில் விழுந்துவிட வேண்டும் என்று நாளை ஓட்டினாள். ஐந்தாம் மாதம் பெரிபெரி நோயில் உடம்பு வீங்கி ஜெயிலிலேயே செத்துப்போனான் அந்தோணிராஜ். அவன் பிள்ளைகளைத் திருடன் மக்கள் என்று தெருவில் கூப்பிட்டார்கள். அண்ணன் பெயராவது மீளட்டும் என்று மாதாவிடம் மன்றாடினாள் ரோசலின். அவளுக்கு வேறு வேண்டுதலே இல்லை.

எட்டாம் மாதம் தீர்ப்பு வந்தது. சேர்ந்து சாப்பிட்டது சதிக்குச் சாட்சியம் ஆகாது, ஆதாரம் போதவில்லை. பெர்னார்டுக்கும் சின்னையாவுக்கும் விடுதலை. அவ்வளவுதான் வாசித்தார்கள்.

கோர்ட் வராந்தாவில், அப்பீலை நடத்திய லாயர் மெய்யநாதனை மறித்தாள். “எங்க அண்ணன் பேரு எங்க சார்?”

“செத்தவருக்கு அப்பீல் கிடையாதும்மா. அவரோட அதுவும் முடிஞ்சிருச்சு. பழைய தீர்ப்பு அப்படியேதான் நிக்கும்.”

“நான்தான் சார் பொய் சொன்னேன். எழுதிக் குடுக்கிறேன். என்னை உள்ள தள்ளுங்க!”

“எழுதிக் குடுத்தாலும் வாங்க ஆளில்லம்மா.” அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் அவர் நகர்ந்துவிட்டார்.

அந்தோணிராஜின் மனைவி மார்த்தா தூணோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “அண்ணி” என்று ரோசலின் அவள் கையைப் பிடிக்கப் போனாள். மார்த்தா உதறினாள்.

“உன் புருஷன் வந்துட்டாரு, கூட்டிகிட்டுப் போ. எங்க வீட்டுப் படி மட்டும் ஏறிடாத.”