எதிரணியில் சுரேந்தர்

வேலாயுதம் கடவுளை நிரூபிக்காத சமூக மன்றம் சிங்கப்பூரில் அநேகமாக இல்லை. பகலில் சிராங்கூன் சாலையில் பஸ் ஓட்டுவார். பண்டிகைக் காலம் வந்துவிட்டால் சாயங்காலம் வெள்ளை ஜிப்பாவை மாட்டிக்கொண்டு பட்டிமன்ற மேடையேறி, ‘கடவுள் இருக்கிறார்’ என்ற அணிக்குத் தலைமை தாங்குவார். ‘இல்லை’ அணிக்கு எப்போதும் சுரேந்தர். அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. நடுவர் தமிழ்நாட்டிலிருந்து வருவார். பண்டிகை மேடையில் கடவுள் இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எந்த நடுவர் நிம்மதியாக ஊர் திரும்ப முடியும்? அதனால் தீர்ப்பு அவர் விமானம் ஏறும்போதே முடிவாகியிருக்கும். சுரேந்தர் ஒவ்வொரு தடவையும் தோற்பார், ஒவ்வொரு தடவையும் கைதட்டலை அள்ளிக்கொண்டு போவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இருவரில் சுரேந்தர்தான் பக்திமான். வெள்ளிக்கிழமை தவறாமல் காளியம்மன் கோயில், தைப்பூசத்துக்குப் பால்குடம். வேலாயுதத்துக்கோ கோயில் என்பது மனைவி பூவம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நின்று தேநீர் குடிக்கும் இடம். முதல் மேடையில் ஏற்பாட்டாளர் ஒருவர், “நீங்க இந்தப் பக்கம், அவரு அந்தப் பக்கம்” என்று கை காட்டினார். காட்டின பக்கத்திலேயே இருவருக்கும் தலை நரைத்துவிட்டது.

மேடையில்தான் எதிரணி. தேக்கா சந்தையில் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே தட்டில் ரொட்டி பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே தயார் செய்வார்கள். கேள்வியும் இவர்களுடையது, பதிலும் இவர்களுடையது.

“இந்த ஊர்ல ஏதாச்சும் தானா முளைச்சிருக்கா? அடுக்குமாடி புளோக் எங்க, பஸ் ஸ்டாப் எங்கன்னு ஒருத்தர் உக்காந்து பிளான் போட்டிருக்காருல்ல? ஒரு சின்னத் தீவுக்கே பிளான் வேணும்னா பிரபஞ்சத்துக்கு வேணாமா?” என்பார் வேலாயுதம்.

“பிளான் போட்டுக் கட்டுன புளோக்ல லிஃப்ட் கெட்டுப்போனா, கூப்பிட்டதும் நான் வர்றேன்லா. உங்க ஆளு வர்றாரா?” என்பார் சுரேந்தர்.

“ஓடுற ரயிலுக்கு ஓட்டுற ஆள் வேணும்.”

“செங்காங் போற ரயில்ல முன்னால போய்ப் பாரு. டிரைவரே கிடையாது!”

“கண்ட்ரோல் ரூம்ல ஆள் இருக்கு. கண்ணுக்குத் தெரியலன்னா இல்லைன்னு ஆயிடுமா?”

இந்த இடத்தில் சுரேந்தர் மடங்கிவிடுவார். பல வருடம் அப்படித்தான் நடந்தது.

பிறகு பூவம்மா போனார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அந்த வருடமும் பட்டிமன்றம் வந்தது. தேக்காவில் ரொட்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்த வேலாயுதம், “ரயிலுக்கு உனக்கு ஒரு பதில் இருக்குடா, எழுதிக்க” என்றார். “ரயில் லேட்டானா மன்னிப்புக் கேட்டு அனௌன்ஸ்மென்ட் வருது. என்ன கோளாறு, எப்ப சரியாகும், எல்லாம் சொல்றான். என் பொண்டாட்டி மூச்ச நிறுத்துனவன் ஒரு வார்த்தை சொல்லல.”

சுரேந்தர் அதை மேடையில் சொன்னார். யாரும் கைதட்டவில்லை, முன்வரிசையில் சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தன் துக்கத்தைச் சுரேந்தரின் வாயால் கேட்டுவிட்டு, வேலாயுதம் எழுந்து போய் வழக்கம்போல் கடவுளை நிரூபித்தார். நடுவரும் வழக்கம்போல் தீர்ப்பளித்தார். அதற்குப் பிறகு ஜிப்பாவை மாட்டும்போதெல்லாம் அவருக்கு அலுப்பாக இருந்தது. ஆனாலும் கூப்பிட்டால் போனார். தனியாக வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு அது பரவாயில்லை.

இந்த வருடம் சுரேந்தருக்குக் கணையத்தில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று செங்காங் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். நர்ஸ் வந்து வலிக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போவார். வேலாயுதம் வேலை முடிந்ததும் சீருடையோடு ரயிலேறி வந்துவிடுவார்.

ஒருநாள் சுரேந்தரின் மனைவி பாப்பாத்தி கஞ்சி காய்ச்ச உள்ளே போனதும், சுரேந்தர் அவர் கையைப் பிடித்தார். “என்னால சாமி கும்பிட முடியலடா. கண்ண மூடுனா அம்மன் முகம் வர்றதில்ல. உன்னோட அந்த அனௌன்ஸ்மென்ட்டுதான் வருது. வருசா வருசம் பேசிப் பேசி எனக்கே உள்ள இறங்கிடுச்சு. எனக்குப் பயமா இருக்கு. அவர் இருக்கார்னு எனக்குச் சொல்லு. நீதானே எல்லாருக்கும் சொல்லுவ?”

வேலாயுதம் நாற்காலியைக் கட்டிலுக்கருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். மேடையில்போலவே ஆரம்பித்தார். காரணம் இல்லாமல் காரியம் இல்லை என்றார். “அப்ப அவருக்கு யாரு காரணம்?” என்றார் சுரேந்தர், கண்ணைத் திறக்காமலே. மனசாட்சி என்று ஒன்றை உள்ளே வைத்தது யார் என்றார். “எங்கம்மா. பிரம்பால வச்சாங்க.” இத்தனை கோடிப் பேர் கும்பிடுவது பொய்யா என்றார். “நம்ம பட்டிமன்றத்துக்குக்கூடத்தான் கூட்டம் வருது.” சொல்லிவிட்டு இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் சுரேந்தரின் முகம் சுருங்கிப்போனது. அவர் தோற்கத்தான் ஆசைப்பட்டார், நாக்கு விடவில்லை.

அடுத்தடுத்த நாட்களிலும் அதே கதைதான். வேலாயுதம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே புதுப் புது வாதமாக யோசித்துக்கொண்டு போவார். சுரேந்தர் ஒவ்வொன்றையும் உடைத்துவிட்டு, உடைத்ததற்காக வருத்தப்படுவார். குரல் மட்டும் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பாப்பாத்தி போன் செய்தார். “அண்ணே, இந்த வாரம் அவரால கோயிலுக்குப் போக முடியல. அவர் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வர்றீங்களா?”

பூவம்மா போனபின் வேலாயுதம் கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார். குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார், சொன்னார். தட்டு உள்ளே போனது. கையை என்ன செய்வதென்று தெரியாமல் பஸ் சீருடையின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வாய் தானாகத் திறந்தது.

“அவளைக் கேக்காம கொள்ளாம எடுத்துக்கிட்ட. சரின்னு இருந்தேன். இவன் உனக்கு என்ன பண்ணினான்? ஒரு வெள்ளிக்கிழமை விட்டிருப்பானா? சாகப்போறவனுக்கு உன் முகத்தக்கூடக் காட்ட மாட்டியா? நீயெல்லாம்...” பக்கத்திலிருந்த பெண்மணி கைக்குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு சற்று நகர்ந்து நின்றார். அப்போதுதான் வேலாயுதத்துக்குத் தான் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருப்பதே தெரிந்தது. இல்லாத ஒருவர்மேல் இத்தனை வருடம் இவ்வளவு ஆத்திரம் எப்படி இருக்க முடியும் என்று தோன்றியது.

ரயிலில் அந்தக் கேள்வியையே ஒரு வாதமாகத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சுரேந்தர் என்ன சொல்வார் என்பதும் அவருக்குத் தெரியும். ‘லிஃப்ட் வரலன்னா ஜனங்க பட்டனைப் போட்டு அடிக்கறாங்க, திட்டறாங்க. அதுக்காக லிஃப்டுக்குக் காது இருக்குன்னு ஆயிடுமா?’ இதற்குச் செங்காங் வருவதற்குள் ஒரு பதில் கண்டுபிடிக்கப் பார்த்தார். கிடைக்கவில்லை. போகட்டும், அவனே ஜெயிக்கட்டும், நாளைக்கு வேறொன்று கொண்டுவரலாம் என்று விட்டுவிட்டார்.

சுரேந்தரின் நெற்றியில் விபூதியைப் பூசிவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து, கோயிலில் நடந்ததைச் சொன்னார். “சாமிகிட்ட சண்ட போட்டேன்டா. ஊர் பாக்கச் சண்ட போட்டேன். இல்லாத ஆளுகிட்ட எவனாச்சும் அப்படிச் சண்ட போடுவானா? சொல்லு.”

சுரேந்தரின் உதடு ஒருமுறை ஏதோ சொல்லப்போவதுபோல் பிரிந்தது, பிறகு மூடிக்கொண்டது.

“நல்லாருக்குடா,” என்றார். “இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.”

அதுதான் வேலாயுதம் வேண்டிக்கொண்டு வந்தது. ஆனால் சுரேந்தருக்குத் தெரியாத பதிலா அது? வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்த மனுஷனுக்கு?

“இருக்குடா, பதில் இருக்கு,” என்றார் அவசரமாக. “லிஃப்டுடா... பட்டன்... ஜனங்க அடிப்பாங்கல்ல? யோசிச்சுப் பாரு. நீ சொல்லுவ. எங்க சொல்லு, கேப்போம்.”

“விடுடா. கொஞ்ச நேரம் கும்பிட்டுக்கறேன்.” சுரேந்தர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் சுருக்கம் இல்லை, உதடு மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

வேலாயுதம் அவருடைய தோளைத் தொட்டு, “டேய், ஏதாச்சும் சொல்லுடா,” என்றார்.