மூக்கைப் பொத்தினால் வீடு

கைப்பைக் கடையில் தோல் வாடை அடித்தால் போதும், தாராவியில் இன்று அடுக்குமாடிகளுக்கு அடியில் போய்விட்ட எங்கள் தோல்கிடங்குச் சந்துக்கே போய்விடுகிறேன். பச்சைத் தோல் நாறும் அந்தச் சந்தில், எனக்கு மூத்தவள், காது கேளாத ராத்தா, மூக்கைப் பொத்திக் காட்டினால் 'வீடு' என்று பொருள். பசிக்கு, மழைக்கு, வாப்பாவின் தையல் மெஷினுக்கு என்று அவளும் உம்மாவும் கைகளாலேயே ஒரு பேச்சை உண்டாக்கி, அடுப்படியில் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள்.

எண்பதுகளில், அலையாய் அலைந்து, அவளைக் காது கேளாதோர் பள்ளியில் சேர்த்தோம். கை காட்டினால் பேச்சு வராது, வீட்டிலும் வாயசைத்து இந்தியில்தான் பேச வேண்டும், மீறினால் பெயரை எடுத்துவிடுவோம் என்றார் டீச்சர். நான்தான் அதை உம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"எனக்கே இந்தி வராதே. பிள்ளைட்ட நான் எதப் பேச?" என்றாள் உம்மா.

அன்று சோறு போட்டுவிட்டு, கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு, 'சாப்பிடு' என்பதற்கு நான் சொல்லிக்கொடுத்த 'கானா காவோ'வைத் திரும்பத் திரும்ப வாயசைத்தாள். ராத்தா அந்த உதடுகளையே வெகுநேரம் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் பார்த்தாள். பிறகு, எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டே மூக்கைப் பொத்தி, வீட்டுக்குப் போகலாம் என்று கெஞ்சினாள்.