காளான் வறுவலும் பருப்புச் சோறும்

கொடைக்கானல் ஏரிக்கரையில் சீசனுக்கு மட்டும் ஓட்டல் போடும் பாய் ஒருவர் இருந்தார். 1950-களின் கடைசியில் அவரைப் பார்த்தேன். லுங்கிக்கு மேல் பழுப்பு ஸ்வெட்டர், நரைத்த தாடி. குடும்பமாக யார் வந்து உட்கார்ந்தாலும், கேட்காமலே குழந்தைக்கு முதலில் பருப்புச் சோறு வைத்துவிடுவார். பெரியவர்களுக்குத்தான் பலகையில் தினம் ஒரு புதுப் பண்டம் எழுதிப் போடுவார்.

அன்று எழுதியிருந்தது காட்டுக் காளான் வறுவல். மதுரையில் நான் கண்டிராதது. ஆசையாக வாங்கி, ஒரு துண்டை எடுத்து ஐந்து வயது மகளின் தட்டில் வைக்கப் போனேன். அவர் கை குறுக்கே வந்து தட்டை மூடியது.

"பாப்பாவுக்கு வேண்டாம் சார்."



"அப்ப எனக்கு மட்டும் ஏன் பாய் வச்சீங்க?"

"நீங்க கேட்டு வாங்குனீங்க. புள்ள கேக்கலையே."

"நல்ல காளான்தானே?"

"நேத்து வெள்ளனே நான் தின்னு பாத்தேன். இந்தா நிக்கிறேன்ல."

மனைவி என் கையைப் பிடித்தாள். எனக்கோ ரோஷம். கடைசித் துண்டு வரை தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. அவர் அடுப்புக்குப் போகாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். காலை பஸ்ஸில் ஊர் திரும்புவதாகச் சொல்லிவிட்டு எழுந்தோம்.

மறுநாள் பஸ் ஜன்னலுக்கு வெளியே அதே பழுப்பு ஸ்வெட்டர். அவ்வளவு பனியில் மூச்சிரைக்க வந்திருந்தார்.

"உடம்புக்குச் சொகந்தானே சார்?"

"சுகந்தான்" என்றேன்.

அவர் முகம் தளர்ந்தது. உண்மையிலேயே தின்று பார்த்தீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.