சேர் லண்டன்ல, கார் திக்கோயாவுல, என் கடை அந்தரத்துல

பெட்டரி கடைக்கு சிரிச்ச முகத்தோட யாருமே வரமாட்டாங்க. கல்யாணத்துக்குக் கெளம்பி வண்டி ஸ்டார்ட் வராதவங்களும், ஆஸ்பத்திரிக்குக் கெளம்பி ஸ்டார்ட் வராதவங்களும்தான் வருவாங்க, ரெண்டு பேருமே நம்ம மேலதான் எரிஞ்சு விழுவாங்க. வண்டி வச்சு சீரழிஞ்ச என் சொந்தங்களே, உங்களுக்குத் தெரியாததா? ஹட்டன் பஜார்ல பதினோரு வருஷமா லொறி, பஸ், ட்ராக்டர்னு எத்தனையோ பெட்டரிக்கு உயிர் குடுத்தவன் நான். என் உயிரை எடுத்தது ஒரே ஒரு ஹைபிரிட் கார்.

நெஞ்சைத் தட்டின கதை

அது கனகசபை சேரோட கார். சேர் யாழ்ப்பாணத்துக்காரர், கல்விக் கந்தோர்ல பெரிய ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவர். என் கடை இருக்கிற கட்டடமும் அவரோடதுதான். அவரோட மச்சான் ஒருத்தர், அங்க போன் கடை போடணும்னு என் ரூமைக் கேட்டு ரொம்ப நாளா நச்சரிச்சுக்கிட்டு இருந்தார்.

மகளோட பிரசவத்துக்கு லண்டன் போறதுக்கு முதல் நாள் சேர் அந்தக் கார்ல வந்து எறங்கினார். நின்னா எஞ்சின் தானா அமந்துடும், ஓடுதா நிக்குதான்னே தெரியாது. பெரிய பெட்டரி ஒன்னு, சின்ன பெட்டரி ஒன்னு. சின்னது செத்துட்டா பெரியது இருந்தும் பிரயோசனமில்ல, கார் எழும்பாது. ஆறு மாசம் சும்மா நின்னா பெட்டரி போயிடுமான்னு கேட்டார். நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். "லொறியவே எழுப்புறவன் சேர், இது என்ன பெரிய விஷயம்! நான் பொறுப்பு"ன்னு நெஞ்சைத் தட்டிட்டேன். சேர் சிரிக்கவே இல்ல. சாவியத் 'திறப்பு'ம்பார், யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"நல்லது தம்பி. நான் வாற அண்டைக்கு கார் ஸ்டார்ட் வராட்டி, உம்மட கடைத் திறப்பை மச்சானிட்ட குடுத்திடும்."

மாணிக்கம் அண்ணனின் ஞாயித்துக்கிழமை

சேரோட வீடு திக்கோயா ரோட்டுல ஒரு மேட்டு மேல இருக்கு. காவலுக்கு மாணிக்கம் அண்ணன், தேயிலைத் தோட்டத்து வேலையில இருந்து ஓஞ்சவர். வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரம் காரை ஸ்டார்ட் பண்ணி வைங்கன்னு சொல்லிக் குடுத்தேன். பிரேக்கை மிதிச்சுக்கிட்டு பட்டனை அமுக்கணும், அப்பத்தான் சார்ஜ் ஏறும். சத்தம் வராது, பயந்துடாதீங்கன்னும் சொன்னேன். அண்ணனும் மண்டைய மண்டைய ஆட்டினார்.

ஒரு மாசம் கழிச்சுப் போய்ப் பாத்தா, கார் பொணமா கெடக்கு. பட்டனை அமுக்கினா ஒரு லைட்டு கூட முழிக்கல. கடை சாவி மச்சான் இடுப்புல தொங்குறது கண்ணுக்கு முன்னால தெரிஞ்சது. விசாரிச்சா, அண்ணன் ஒரு ஞாயித்துக்கிழமையும் தவறல. ஆனா முழங்கால் வலின்னு பிரேக்கை மிதிக்கல, பட்டனை மட்டும் அமுக்கியிருக்கார். ரேடியோ பாடியிருக்கு. சீட்டைச் சாச்சுப் போட்டு, அரை மணி நேரத்தை ரெண்டு மணி நேரமாக்கி பாட்டுக் கேட்டிருக்கார். அத்தனையும் பெட்டரியில இருந்து எறங்கினது. நான் கத்தின கத்துல தொண்டை கட்டிடுச்சு. அவர் அசரவே இல்ல.

"சத்தம் வராதுன்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க? சத்தம் வரல, பாட்டு வந்துச்சு. நல்லாத்தான் ஓடுதுன்னுல்ல நெனச்சேன்."

பன்னெண்டு பேர்

நான் தலையில கை வச்சு நிக்கிற நேரம் பாத்து, வேலை விட்டு ஒரு கூட்டம் அந்த வழியா வந்துச்சு. நம்ம மலையில ஒரு பழக்கம் இருக்குங்க. பொனட் தொறந்து ஒரு வண்டி நின்னா, என்ன ஏதுன்னு யாரும் கேக்கமாட்டாங்க. கையில இருக்கிறத கீழ வச்சுட்டு தள்ள ஆரம்பிச்சிடுவாங்க. "இது தள்ளி ஸ்டார்ட் பண்ற வண்டி இல்லப்பா"ன்னு சொன்னேன். "சும்மா இருங்கண்ணே, எத்தனை லொறிய தள்ளியிருக்கோம்"னு பன்னெண்டு பேர் தோளைக் குடுத்துட்டாங்க. கரண்டு இல்லாததால கியர் இறுகிப்போய் சக்கரம் சுத்தவே இல்ல. பத்து நிமிஷம் தள்ளினதுல காரு ஆடுச்சு, அவ்வளவுதான். கடைசியில கூட்டத்துல இருந்த தோட்டத்துக் கங்காணி வேர்வையத் தொடச்சுக்கிட்டு என்னைப் பாவமாப் பாத்தார்.

"ஐயாவ நல்லா ஏமாத்திட்டானுங்கண்ணே. கல்லுக்கு டயரு மாட்டி வித்திருக்கானுங்க."

டிக்கி

மறுநாள் லொறி பெட்டரியத் தூக்கிக்கிட்டு மேடு ஏறி, ஜம்பர் வயர் போட்டு காருக்கு உயிர் குடுத்தேன். இனி மாணிக்கம் அண்ணனையும் நம்ப வேணாம், ரேடியோவையும் நம்ப வேணாம்னு, சின்ன பெட்டரியோட வயரைக் கழட்டி வச்சேன். அந்த பெட்டரி இருக்கிறது டிக்கிக்குள்ள. வயரைக் கழட்டின கையோட டிக்கியப் படார்னு சாத்தினேன். சாத்தினதுக்கப்புறம்தான் மண்டையில ஒறச்சது, அந்த டிக்கி தொறக்கிறதே கரண்டுலதான். புத்திசாலி!

கொழும்புல ஹைபிரிட் வேலை செய்ற கூட்டாளிக்கு போன் போட்டேன். வயிறு வலிக்கச் சிரிச்சிட்டு, "பெரிய பெட்டரியும் சும்மா கெடந்தா கெட்டுப்போகும், ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஓட விடணும். பின் சீட்டு மேல ஏறி ஊர்ந்து போய் வயரை மாட்டு"ன்னான். எனக்கு இருக்கிற தொப்பைக்கு அது லேசுப்பட்ட வேலையா? பாதி ஒடம்பு டிக்கிக்குள்ள, ரெண்டு காலும் கதவுக்கு வெளியில. கொழுந்து நிறுத்துட்டுத் திரும்பின பொம்பளைங்க அதைப் பாத்து நின்னுட்டாங்க. "ஏய், காருத் திருடன்!"னு ஒருத்தி கத்தினா. இன்னொருத்தி அவளை அடக்கினா.

"சும்மா இருடி. திருடன்னா சாமான எடுத்துக்கிட்டு வெளிய வருவான், இவரு உள்ளல்ல போறாரு!"

சேர் வந்தார்

அதுக்கப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி, மேடு ஏறி, நானே பிரேக்கை மிதிச்சேன். மழை, பனி ஒன்னும் பாக்கல. மாணிக்கம் அண்ணன் பக்கத்து சீட்டுல ஒக்காந்து பாட்டுக் கேப்பார். சேர் வர்ற அன்னைக்கு பயத்துல விடியக்காலையிலயே போய் எஞ்சினை நல்லா சூடாக்கி வச்சேன்.

சேர் வந்தார். கூடவே மச்சானும் வந்தார், சட்டைப் பையில அளவு டேப்பு. அன்னைக்குக் காலையிலயே என் கடைச் சுவரை அளந்துட்டாராம்! சேர் காருக்குள்ள ஒக்காந்து, பிரேக்கை மிதிச்சு பட்டனை அமுக்கினார். லைட்டு வந்துச்சு. எஞ்சின் சூடா இருந்ததால ஒரு சத்தமும் வரல. ஆறு மாசத்துல சேருக்கு எல்லாம் மறந்துபோச்சு. "இது ஸ்டார்ட் வரேல்லை"ன்னார். மச்சான் என் பக்கம் கையை நீட்டினார். உண்மையிலயே வரலையோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. பதினோரு வருஷக் கடை. கை தானா பாக்கெட்டுக்குள்ள போய் சாவியப் புடிச்சிடுச்சு.

அப்பத்தான் மாணிக்கம் அண்ணன் ஜன்னல்ல குனிஞ்சு, "ஐயா, ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. கியரைப் போட்டுட்டு பிரேக்குல இருந்து காலை எடுங்க"ன்னார், ஏதோ பொறந்ததுல இருந்தே ஹைபிரிட் ஓட்டினவர் மாதிரி. சேர் காலை எடுத்தார். கார் சத்தமில்லாம முன்னால நகந்துச்சு. முன்னால நின்ன மச்சான் அலறிக்கிட்டுப் பூப்பாத்திக்குள்ள பாஞ்சார். டேப்பு கீழ விழுந்து, அது மேல டயர் ஏறிப் போச்சு. மாணிக்கம் அண்ணனைக் கட்டிப் புடிச்சு முத்தம் குடுக்கலாமான்னு இருந்துச்சு எனக்கு. சேர் வாசல் கேட் வரைக்கும் ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து எறங்கி, கார் சாவிய என் கையில வச்சு அமுத்தினார்.

"தம்பி, உம்மை நம்பலாம். மற்ற மகளுக்கும் பிள்ளைப்பேறு, வாற மாசம் கனடாவுக்குப் போறன். இந்த முறை எட்டு மாசம்."

ஓடாம நிக்கிற ஒரு காருக்காக பெட்டரிக்காரன் எவ்வளவு ஓடணும்னு எந்தக் கம்பெனிக்காரனும் புத்தகத்துல போடுறதில்லங்க.