கிராணி ஐயாவின் ஆன்டெனாவும் என் கையெழுத்தும்

ஆன்டெனாவைத் திருப்புகிற மோட்டார் விற்கும் தொழிலில், வருகிறவர்கள் எல்லாரும் எடையைப் பற்றிக் கேட்பார்கள். காற்றைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

லைசென்ஸ் எடுத்து, வீட்டிலிருந்தே வெளிநாட்டுக்காரர்களோடு ரேடியோவில் பேசுகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். அவர்களுடைய ஆன்டெனாவை வேண்டிய திசைக்குத் திருப்பும் மோட்டாருக்கு ரொட்டேட்டர் என்று பெயர். மலேசியாவில், சிரம்பானில் கடை வைத்திருப்பவர் என் மாமா. பல்கலைக்கழக விடுமுறையில் எந்த ஆன்டெனாவுக்கு எந்த ரொட்டேட்டர் என்று சொல்வது என் வேலை. வாடிக்கையாளரிடம் "இது சரிவராது" என்று சொல்லிவிட்டு, அதற்காக முதலாளியிடம் திட்டு வாங்கியவரா நீங்கள்? அப்படியென்றால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

ஒற்றைக் கையால் தூக்கினார்

பாக்கியநாதன் ஐயா ரெம்பாவ் பக்கத்து எஸ்டேட் ஆபீசில் கிராணியாக எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எஸ்டேட் ஓரத்திலேயே வீடு. எல்லாருக்கும் அவர் இன்னும் கிராணி ஐயாதான். மீன்முள் மாதிரி குறுக்குக் குழாய்கள் வைத்த அலுமினிய ஆன்டெனாவை நடுவில் பிடித்து, கடைக்குள்ளேயே ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார். இதற்குப் போய் பெரிய மோட்டார் எதற்கு என்றார்.

நான் விடுவேனா? அரை மணி நேரம் பேசினேன். எடை கீழேதான் அழுத்தும். காற்று தள்ளும், முறுக்கும். காற்றில் படுகிற பரப்பு எவ்வளவு என்று பார்த்து, அதைத் தாங்குகிற ரொட்டேட்டரைத்தான் வாங்க வேண்டும். கேட்டலாக்கைப் புரட்டி, நடுத்தர அளவு போதும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் தாளை என் பக்கமே திருப்பி வைத்தார்.

"வாயால சொன்னது போதாது பிள்ளை. கையெழுத்துப் போட்டுத் தா, ஃபைலில வைக்கவேணும்."

இரண்டாவது எண்

கையெழுத்துப் போட்டு ரொட்டேட்டரையும் விற்று மூன்று வாரம் கழித்து, ஒரு கேபிள் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணாந்து பார்த்ததும் கேபிளைக் கீழே வைத்துவிட்டேன். ஆன்டெனாவை உயரத்தில் நிறுத்தும் இரும்பு டவருக்குள்ளே ரொட்டேட்டர் உட்கார வேண்டும். ஆன்டெனாவைத் தாங்கும் குழாய் டவரின் உச்சியில் ஒரு வளையத்துக்குள் நிற்கும். காற்று தள்ளுவதை டவர் வாங்கிக்கொள்ளும். இங்கேயோ ரொட்டேட்டர் டவரின் உச்சந்தலையில் இருந்தது, அதன் தலையில் குழாய், அதற்கு மேல் ஆன்டெனா. காற்றின் தள்ளு முழுக்க ரொட்டேட்டருக்குத்தான். இப்படி வைத்தால் எவ்வளவு தாங்கும் என்பதற்குக் கேட்டலாக்கில் இரண்டாவதாக ஓர் எண் உண்டு, முதல் எண்ணில் ஏறக்குறைய பாதி. நான் முதல் எண்ணோடு நிறுத்தியிருந்தேன். கிராணி ஐயாவின் ஆன்டெனா அந்தப் பாதியைத் தாண்டியது.

டவருக்கு நேர் கீழே பக்கத்து வீட்டுத் தகரக் கூரை. அந்த வீட்டில் ஒரு தடிக்கா, அதாவது பாலர் பள்ளி, நடக்கிறது. சின்னப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

டவர் ஏறி அதைப் பொருத்திய சேகர் அண்ணனுக்கு அங்கிருந்தே போன் போட்டுக் கத்தினேன். அவர் கத்தவில்லை.

"உள்ள வைக்கணும்னு உன் பேப்பர்ல எந்த இடத்துல இருக்கு, சொல்லு லா. எழுதியிருந்தா வச்சிருப்பேன்ல."

என்னை எதிர்த்து என் தாள்

ஆன்டெனாவை உடனே இறக்குங்கள் என்று கிராணி ஐயாவிடம் சொன்னேன். அவர் உள்ளே போய் ஃபைலை எடுத்து வந்து என் முன்னால் விரித்தார். ஓட்டை போட்டு, நூல் கோத்து, என் தாள். இது ஆருடைய கையெழுத்து என்று கேட்டார். என்னுடையதுதான். ஆனால் கேட்டலாக் குழப்பமாக அச்சடித்திருக்கிறது, சேகர் அண்ணன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், மாமா சரிபார்த்திருக்க வேண்டும் என்று அடுக்கினேன். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து காலையில் திடீரென்று வந்து அடிக்கிற சுமத்ராக் காற்றைப் பற்றிச் சொன்னேன். முற்றத்து மண்ணில் குச்சியால் படம்கூடப் போட்டேன்.

மாமாவிடம் போனால், கஸ்டமரே சந்தோஷமாக இருக்கிறார், நீ ஏன் கிளறுகிறாய் என்றார். மறுநாள் திரும்பவும் கிராணி ஐயாவிடம் போய் நின்றேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஃபைலை மூடினார்.

"சுமத்ராக் காத்து எனக்கு ஒண்டும் எழுதித் தரேல்லை பிள்ளை. நீ தந்தனீ."

முள் வடக்கில் இருந்தது

தடிக்கா ஆசிரியை கோகிலாவின் நம்பரை அன்றைக்கே வாங்கி வைத்திருந்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை மேற்கே வானம் கறுத்தது. நான் போன் எடுப்பதற்குள் அவளே கூப்பிட்டாள். மேலே இருப்பது சுற்றுகிறது, என்ன செய்யட்டும் அக்கா என்றாள். தகரம் அடித்துக்கொள்ளும் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. பிள்ளைகளை டவர் பக்கத்திலிருந்து எடு, முன் அறைக்குக் கொண்டு போ என்றேன். போனை வைக்காதே என்றேன். பதினொரு பிள்ளைகள். அவள் ஒவ்வொன்றாக எண்ணுவது கேட்டது. ஒன்பதில் நின்று, கழிவறைக்கு ஓடி, இன்னும் இரண்டு பேரை இழுத்து வந்தாள். அந்த நேரத்தில் என்னால் செய்ய முடிந்தது கேட்டுக்கொண்டிருப்பது மட்டும்.

ஜன்னல் வழியாக ஐயாவைக் கூப்பிட்டு மேலே பார்க்கச் சொல் என்றேன். அவர் மேசையில், ஆன்டெனா எந்தத் திசை பார்க்கிறது என்று காட்டும் மீட்டர் உண்டு. ஆனால் மோட்டார் சுற்றினால்தான் அதன் முள் அசையும். பிடி நழுவி ஆன்டெனா தானாகச் சுழன்றால் மீட்டருக்கு அது தெரியாது. கோகிலா ஜன்னலில் கத்திவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அக்கா, ஐயா மீட்டரைப் பார்த்துட்டாராம். முள்ளு வடக்குலயே இருக்காம், ஆன்டெனா சுத்தலையாம்."

ரத்து

காற்று ஓய்ந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளைகள் பத்திரம். ஆன்டெனா சாய்ந்து நின்றது. நாளைக்கும் காற்று உண்டு என்று அறிவிப்பு. கிராணி ஐயா சாய்வைப் பார்த்துவிட்டு, அடுத்த கிழமை யோசிப்போம் என்றார். மறுபடி வாதாட வாயைத் திறந்தேன். அவருடைய மேசையில் இருந்த ஃபைலைப் பார்த்தேன். ஒரு வெள்ளைத் தாள் கேட்டேன்.

பொருள்: முந்தைய கடிதம் ரத்து. கேட்டலாக்கில் தவறான எண்ணைப் பார்த்தது நான். ரொட்டேட்டரை டவருக்குள் வைக்க வேண்டும் என்று எழுதாமல் விட்டதும் நான். ஆன்டெனாவை இன்றே இறக்க வேண்டும். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டேன். இத்தனை நாள் பேசியதில் தப்பு யாருடையது என்று சொல்லும் இடத்தில் "நான்" என்ற சொல் ஒரு தடவைகூட வந்திருக்கவில்லை.

இரண்டு முறை வாசித்தார். ஓட்டை போட்டார். பழைய தாளில் குறுக்கே ஒரு கோடு இழுத்து, புதியதை மேலே கோத்தார். பிறகு அவரே சேகர் அண்ணனைக் கூப்பிட்டார். மத்தியானத்துக்குள் ஆன்டெனா புல்லில் கிடந்தது. ரொட்டேட்டரின் அடிப்பாகத்தில் என் சுட்டுவிரல் நீளத்துக்கு விரிசல். கிராணி ஐயா குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். தடிக்காவின் கூரையைப் பார்த்தார்.

"இதை அண்டைக்கே எழுதித் தந்திருந்தால், அண்டைக்கே இறக்கியிருப்பன் பிள்ளை."

பல்கலைக்கழக விவாதப் போட்டியில் இரண்டு தடவை பரிசு வாங்கியிருக்கிற நான், எஸ்டேட் ஓரத்தில் ஓர் ஆன்டெனாவை இறக்க வைத்தது "தப்பு என்னுடையது" என்று எழுதித்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.