வெள்ளைத் தாள்களில் நான் போட்ட சுழி

மில்லிக்கன் என்ற புறநகரில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் ஒரு சீன ஓவியர் வாடகைக்கு இருந்தார். தன் நாட்டு அரசாங்கத்தைக் கேலி செய்து படம் கீறியவர். இனித் திரும்பிப் போக முடியாது. தாய் மட்டும் அங்கே தனியாக. இவர் இங்கே வாய் திறந்தால் அங்கே பொலிஸ் அந்த மனுசியின் கதவைத் தட்டும். அதை நினைத்தே நான் தினமும் விளக்கு வைக்கும்போது அவவுக்கும் சேர்த்துக் கும்பிடுவேன்.

ஒரு சனிக்கிழமை அவர்களுடைய தூதரகத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டம். பேஸ்மென்ட் ஈரம் என்று, முப்பது பெரிய வெள்ளைத் தாள்களை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். இனித்தான் அதில் சுலோகம் எழுதப்போகிறார்கள் என்று நினைத்தேன். நல்ல காரியம், வெறுமனே தொடங்கலாமா? தடித்த மார்க்கரை எடுத்து முப்பதிலும் பிள்ளையார் சுழி போட்டுவிட்டேன்.

மேலே வந்தவர் தாள்களைப் பார்த்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். பிறகு தன் இங்கிலிஷில் ஆறுதலாக விளக்கினார். அந்தத் தாள்களில் ஒன்றும் இருக்கக் கூடாதாம். எழுத்து இருந்தால் குற்றம் சொல்வார்கள், வெறுந்தாளை என்ன சொல்வது? தூதரகத்தில் இருப்பவர்கள் இந்தக் குறியைப் படம் பிடித்தால், என்ன இரகசியம் என்று தாயைத்தான் போய்க் கேட்பார்கள்.

மற்றப் பக்கமாவது உதவுமா என்று திருப்பிப் பார்த்தேன். மை மறுபக்கமும் ஊறியிருந்தது.

"உமக்கு வெறுந்தாளைக் கண்டா கை சும்மா இராது என்ன?" என்றார் என் கணவர். "இனிப் பிள்ளையாரையும் பிடிச்சு விசாரிக்கப் போறாங்கள்."

"பகிடி விடாமல் காரை எடுங்கோப்பா!"

பகிடியைக் கணவர் இங்கிலிஷில் சொல்ல, ஓவியர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிளாசாவில் புதுத் தாள் வாங்கினோம். அந்தத் தாள்களை என் மடியில் வைக்க இருவருமே விடவில்லை. அவரை ஆர்ப்பாட்டத்தில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

தாய் வழமையாகப் போன் எடுப்பது பின்னேரம். அன்று நான் சாமி அறையை விட்டு எழும்பவில்லை. போன் அடித்தது, கீழே பேச்சுக் கேட்டது, கனநேரம். பிறகு அவர் படியேறி வந்தார்.

"ஒருவரும் வரவில்லையாம், அன்ரி. குளிருக்குத் தொப்பி போட்டாயா என்று அம்மா ஏசுகிறார்."

"அப்பாடா," என்றேன். "ஏசட்டும், நல்லா ஏசட்டும்."