மெஹராஜ் பேகத்தின் கியாமத்து

பேராவூரணியில் மெஹராஜ் பேகத்தின் வீட்டில் கியாமத்து வராத நாளே கிடையாது. பால் பொங்கினால் கியாமத்து. மோட்டார் ஓடாவிட்டால் கியாமத்து. சம்பந்தி வீட்டில் ஒரு வார்த்தை கூடக்குறையப் பேசிவிட்டால் பெரிய கியாமத்து. மலைகள் பஞ்சாய்ப் பறந்து உலகமே முடிகிற நாளுக்கான சொல்லை அவள் கறிவேப்பிலை மாதிரி எல்லாவற்றிலும் கிள்ளிப் போடுவாள். சார்ஜாவில் கடை வேலையில் இருந்த கணவர் அஹமது கபீர், போனில் அந்தச் சொல் வந்ததும் சிரித்துவிட்டு, "சரி, அப்புறம்?" என்பார்.

கஜா புயல் அடித்து ஓய்ந்த காலையில் அவள் கொல்லைக் கதவைத் திறந்தாள். தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து கபீர் தன் கையால் வைத்து வளர்த்த தென்னைகள் வேர் மேலே தெரியச் சாய்ந்து கிடந்தன. வேலையை விட்டு வந்து இந்தத் தோப்போடு இருந்துவிட வேண்டும் என்பதுதான் அந்த மனிதரின் ஒரே ஆசை. மெஹராஜ் பேகத்தின் வாயில் அந்தச் சொல் மட்டும் வரவில்லை.

போன் வேலை செய்ய நாளாயிற்று. அதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அந்நிய ஊரில், தோளைத் தொட ஒரு ஆள் இல்லாமல், அவர் இதைக் கேட்கக் கூடாது. மறைத்தால் பின்னால் ரொம்ப வருத்தப்படுவார் என்று பக்கத்துத் தோப்பு ராமாயி சொல்லிப் பார்த்தாள். மெஹராஜ் பேகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கபீர் கூப்பிட்டார். டிவியில் பார்த்ததையெல்லாம் சொல்லிப் பதறினார்.

"நம்ம பக்கம் ஒண்ணும் இல்லங்க. கொஞ்சம் காத்து. நாலு மட்டை விழுந்துச்சு, அவ்வளவுதான்."

உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டார். நம்பிவிட்டார் என்று அவளுக்குப் பெரிய நிம்மதி, பாவம்.

அந்த வாரமே கைப்பையோடு வந்து இறங்கினார் கபீர். நேரே கொல்லைக்குப் போய், சாய்ந்த மரமொன்றில் உட்கார்ந்தார். யார் சொன்னது, ராமாயியா என்று கேட்டாள்.

"ரசத்துல உப்பு கூடுனாலே கியாமத்துன்னுவே. அன்னிக்குக் கொஞ்சம் காத்துன்னியே, அப்பவே டிக்கெட் போட்டுட்டேன்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, புயலுக்குப் பிறகு முதல்முறையாக அழுதாள்.

கபீர் திரும்பிப் போகவில்லை. ராமாயி தோப்பில் புதுக் கன்று வைத்தாயிற்று; இவர் மட்டும் பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார். வீட்டில் மெஹராஜ் பேகத்தின் சத்தமே இல்லை. சட்டி உடைந்தாலும் பேசாமல் பொறுக்கிப் போட்டாள்.

ஒரு நாள் காலையில் பூனை பாலைக் கவிழ்த்துவிட்டது.

"வந்துடுச்சு கியாமத்து. இந்த வீட்டுக்குன்னே வந்துடுச்சு."

அடுப்படியில் எழுந்த அந்தக் குரல் தெருவரை கேட்டது. வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கபீர் எழுந்து சட்டையை மாட்டினார். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று அவள் கேட்டாள். தென்னங்கன்று வாங்கி வருகிறேன் என்றார்.